உளிகளோடு விமானம் ஏறலாமா? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நான் கோயில் வாகனம் செய்கிறவன். ரொறன்ரோவில் ஒரு கோயிலில் பழைய குதிரை வாகனத்தைத் திருத்தவும் புதிதாக ஒரு மயில் செய்யவும் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னிடம் 40க்கு மேல் உளிகள் இருக்கின்றன. பாதி அப்பா பாவித்தவை. சூட்கேசில் போட்டால் தொலைந்துவிடும், கையிலேயே கொண்டுபோங்கள் என்கிறான் மகன். 6 சென்ரிமீற்றருக்குக் குறைந்த அலகு என்றால் கனடாவில் விடுவார்களாம். உண்மையா? கருவிகளுக்கென்று விற்கிற அலுமினியப் பெட்டி ஒன்று வாங்கலாமா? (ஏழாலை வாசகர்)

பதில்: மகன் சொன்ன 6 சென்ரிமீற்றர் கணக்கு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது கனடா விமான நிலையங்களில் ஏறுகிறவர்களைச் சோதிப்பதற்கான விதி. அங்கேயும் அமெரிக்காவுக்குப் போகிற விமானம் என்றால் அந்தச் சலுகை கிடையாது. நீங்கள் ஏறப்போவது கட்டுநாயக்க விமான நிலையத்தில். உங்கள் கைப்பையைப் பார்ப்பவர்கள் இங்குள்ளவர்கள். நடுவில் டோகாவிலோ டுபாயிலோ விமானம் மாறினால் அங்கேயும் ஒருமுறை ஸ்கானருக்குள் போகும். போய்ச் சேருகிற நாட்டின் விதியைச் சொல்லி இவர்களோடு வாதாடிப் பலனில்லை. அந்த 6 சென்ரிமீற்றர் அளவை வைத்திருக்கிற பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும்கூட, அதைவிட நீளமான அலகோ தண்டோ உள்ள கருவிகளைக் கைப்பையில் விடுவதில்லை. அவர்கள் உதாரணம் காட்டுவதே உளியைத்தான்.

கைப்பையில் உளியைப் பிடித்தால் அதைக் கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டிவரும். அநேகமாகத் திரும்பக் கிடைக்காது. சூட்கேசில் போட்ட உளி தொலைவதற்கு வாய்ப்பு உண்டு என்பது சரி, ஆனால் கையில் கொண்டுபோன உளி பறிபோவது ஏறக்குறைய நிச்சயம். கொட்டாப்புளியையும் (மரச் சுத்தியல்) கைப்பையில் வைக்க வேண்டாம். மயிலின் வரைபடத் தாள்கள், பென்சில், கருவிகளின் பட்டியல், இவ்வளவும் கையில் போதும். மற்ற எல்லாம் சூட்கேசுக்குள்.

அலுமினியப் பெட்டி வேண்டாம். வெறும் பெட்டியே சில கிலோ வரும். ஒரு சூட்கேசுக்கு 23 கிலோ என்று ரிக்கற்றில் போட்டிருந்தால் அந்தச் சில கிலோவையும் அதற்குள்தான் அடக்க வேண்டும். போதாததற்கு, உள்ளே விலையுள்ள சாமான் இருக்கிறது என்று அது ஊருக்கெல்லாம் சொல்லும். தடித்த கன்வஸ் துணியில், உளிக்கு ஒரு அறை வீதம் வைத்துச் சுருட்டுகிற மாதிரி ஒரு பை தைப்பியுங்கள். சூட்கேசுக்கும் ரெக்சினுக்கும் தைக்கிற கடைக்காரர் யாரும் செய்து தருவார். துணி மட்டும் போதாது, கூரான வாய் அதை அறுத்துவிடும். பழைய சைக்கிள் ரியூப்பைத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொரு வாயிலும் மாட்டி, நுனியை மடித்து ரேப் சுற்றுங்கள். பெட்டியைத் திறந்து கை விடுகிற ஊழியருடைய விரலுக்கும் இது பாதுகாப்பு. பல நாடுகளில் சூட்கேசுக்குள் வைக்கிற கூரிய பொருளை உறையிட்டுத்தான் வைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

இரும்பை ஒரே கட்டாகக் கட்டினால் ஸ்கானரில் ஒன்றும் தெரியாத கறுப்புக் கட்டியாக விழும், உடனே பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். கட்டுநாயக்கவில் உள்ளே நுழையும்போதே எல்லாப் பொதியையும் ஸ்கான் பண்ணுகிறார்கள். அதனால் பையை இறுக்கிச் சுருட்டாமல், உளிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்படி விரித்து, உடுப்புகளுக்கு மேலே வையுங்கள். திறந்து காட்டச் சொன்னால் ஒரு நிமிட வேலை. அந்தக் காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டிப் பழகிய சனத்துக்கு இது பெரிய விசயமில்லை. தையல் மெசின் ஒயிலைத் துணியில் தொட்டு எல்லா வாயிலும் லேசாகப் பூசிவிடுங்கள், துரு பிடிக்காது. தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

அப்புறம், 40 உளியும் எதற்கு? தட்டை உளிகளைக் கனடாவில் எந்தக் கருவிக் கடையிலும் வாங்கலாம். கொல்லரிடம் சொல்லிச் செய்வித்து உங்கள் கைக்குப் பழகிப்போன வளைந்த வாய் உளிகள் அங்கே கிடைக்காது, அவற்றைத்தான் கொண்டுபோக வேண்டும். அவற்றையும் பாதி பாதியாக இரண்டு சூட்கேசில் பிரித்துப் போடுங்கள். அப்பாவின் உளிகளில் இந்த வேலைக்குத் தேவைப்படாததை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். எல்லாவற்றையும் ஒரு பாயில் பரப்பிப் படம் எடுத்து, பட்டியலும் எழுதி வைத்தால் திரும்பி வரும்போது இங்குள்ள சுங்கத்தில் கேட்டாலும் காட்டலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். எந்த விசாவில் போகிறீர்கள்? சுற்றுலா விசாவில் போகிறவரின் பெட்டிக்குள் ஒரு பட்டறையே இருந்தால், ரொறன்ரோவில் குடிவரவு அதிகாரி வேலைக்கு வந்தீர்களா என்றுதான் கேட்பார். கோயில் வேலை, சேவைதான் என்ற பதில் அங்கே எடுபடும் என்று நம்பி ஏற வேண்டாம். இந்த வேலைக்கு என்ன அனுமதி வேண்டும் என்பதைக் கோயில் நிர்வாகம் அங்குள்ள சட்டத்தரணியிடம் கேட்டு, கடிதத்தோடு உங்களுக்கு அனுப்பட்டும். உளிப் பையைத் தைப்பிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

கேள்வி: பற்றரியில் ஓடுகிற சிறிய கடைசல் மெசின் ஒன்றும், 18 வோல்ற் பற்றரி இரண்டும் வாங்கிக் கனடாவுக்குக் கொண்டுபோக நினைக்கிறேன். விடுவார்களா? (கோப்பாய் வாசகர்)

பதில்: மெசின் சூட்கேசில், கழற்றிய பற்றரி கைப்பையில். உளிக்குச் சொன்னதற்கு நேர் எதிர். தனியாக இருக்கிற லிதியம் பற்றரி தீப்பிடித்தால் சரக்கு அறையில் யாரும் பார்க்க மாட்டார்கள், ஆட்கள் இருக்கிற இடத்தில் என்றால் அணைக்கலாம். அதனால்தான் அந்த விதி. வோல்ற்றை அம்பியர்-மணியால் பெருக்கிப் பாருங்கள். 18 வோல்ற், 5 அம்பியர்-மணி என்றால் 90 வாற்-மணி, பிரச்சினை இல்லை. 6 என்றால் 108. 100ஐத் தாண்டி 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அதுவும் உதிரியாக இரண்டு மட்டும். 9 அம்பியர்-மணிப் பற்றரி 162 வரும், அதை மறந்துவிடுங்கள். பற்றரியின் முனைகளுக்கு ரேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனிப் பையில் போடுங்கள். வார்னிஷ், தின்னர் எதிலும் கிடையாது, கையிலும் இல்லை, சூட்கேசிலும் இல்லை.

வாங்க முன் சார்ஜரின் அடியைத் திருப்பிப் பாருங்கள். நமக்கு 230 வோல்ற், கனடாவில் 120. சார்ஜரில் 100–240 என்று இருந்தால் செருகி மாத்திரம் மாற்றினால் சரி. 230 மட்டும் போட்டிருந்தால் அங்கே அது பாரம்தான். வயரோடு வருகிற மெசினை யாழ்ப்பாணத்தில் வாங்கிக்கொண்டு போவது வீண் செலவு.

கேள்வி: ஜேர்மனியில் வேலை முடித்து வந்தபோது சூட்கேஸ் பிளந்து, இரண்டு உளி வளைந்துவிட்டன. வீட்டுக்கு வந்து நாலாம் நாள்தான் திறந்தேன். நேரம் போய்விட்டது என்று விமான நிறுவனம் கையை விரிக்கிறது. (சாவகச்சேரி வாசகர்)

பதில்: போகவில்லை. சர்வதேச விமானப் பயணத்தின் இழப்பீடுகளுக்கான மொன்றியல் உடன்படிக்கைப்படி, சேதத்துக்குப் பொதி கையில் கிடைத்து 7 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். நாலாம் நாள் என்றால் உங்களுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அந்த முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்தீர்களா, தொலைபேசியில் மட்டும் சொன்னீர்களா என்பதுதான் இப்போது முக்கியம். எழுதிய மின்னஞ்சல் இருந்தால் அதன் திகதியைக் காட்டி மீண்டும் கேளுங்கள். பொதி பிந்தி வந்தால் கிடைத்த நாளிலிருந்து 21 நாள் அவகாசம். பொதி 21 நாளாகியும் வராவிட்டால் தொலைந்ததாகக் கணக்கு.

இழப்பீட்டின் உச்சம் ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்பனவு உரிமைகள் (SDR, சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறக்குறைய 2,000 அமெரிக்க டொலர். அது முழுதாகக் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம், விலையை நீங்கள்தான் காட்ட வேண்டும். கொல்லர் அடித்த உளிக்குப் பில் ஏது? அதே மாதிரி உளி இன்று செய்விக்க எவ்வளவு என்று கொல்லரிடம் எழுதி வாங்கி, வளைந்த உளிகளின் படத்தோடு சேர்த்து அனுப்புங்கள். இனிப் போகிறவர்கள், அதைவிடப் பெறுமதியான கருவி கொண்டுபோனால், பொதியை ஒப்படைக்கும்போதே பெறுமதியை அறிவித்து மேலதிகக் கட்டணம் கட்டலாம். கவுண்டரில் இருக்கிறவருக்கு அந்தப் படிவம் தெரியாமல் இருக்கலாம், நேரத்தோடு போங்கள்.