அவனிடம் எப்படிக் கேட்டார்கள்?

வணக்கம் அம்மா,

என் அக்கா மகனுக்கு 9 வயது. ஆட்டிசம் இருக்கிறது. யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டான். கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்வான். ஆனால் அக்கா வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை ஒருமுறை பார்த்தால் போதும், உள்ளே வந்து நோட்டில் அப்படியே போட்டுவிடுவான். போன மாதம் ஐ.க்யூ. பார்த்ததில் 58 என்று வந்தது. லேசான அறிவுத்திறன் குறைபாடு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முதலில் நாலு பேரோடு பழகக் கற்றுக்கொள்ளட்டும், படிப்பை அப்புறம் பார்க்கலாம் என்கிறது பள்ளி. அக்காவும் அதைத்தான் நம்புகிறாள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பள்ளி சொல்வது தவறு என்றே நினைக்கிறேன். முதலில் அந்த 58-ஐப் பார்ப்போம்.

அது எந்தச் சோதனை என்று அக்காவிடம் விசாரியுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் பினே-காமத் அல்லது மாலின் சோதனைதான் நடத்துவார்கள். வெக்ஸ்லர் என்ற அமெரிக்க அறிவுத்திறன் சோதனையை இந்தியப் பிள்ளைகளுக்காக மாற்றி அமைத்ததுதான் மாலின். முன்பின் தெரியாத ஒருவர் எதிரே உட்கார்ந்துகொண்டு நிறையக் கேள்விகளை வாயால் கேட்பார். பையன் வாயால் பதில் சொல்ல வேண்டும். கேள்வி காதில் சரியாக விழ வேண்டும், இவர் எதை எதிர்பார்க்கிறார் என்பது பிடிபட வேண்டும், அதற்கான சொல் வர வேண்டும். கேள்வியையே திருப்பிச் சொல்லும் பிள்ளை இதில் எத்தனை இடத்தில் விழுவான் என்று யோசித்துப் பாருங்கள்.

கனடாவில் மான்ட்ரியலைச் சேர்ந்த மிஷெல் டாசன், லோரன் மோத்ரோன் குழுவினர் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ள 38 பிள்ளைகளுக்கு இரண்டு சோதனைகள். ஒன்று வெக்ஸ்லர். இன்னொன்று ரேவன்ஸ், இதில் பேச்சே வேண்டாம். கட்டங்களில் வடிவங்கள் ஏதோ ஓர் ஒழுங்கில் மாறிக்கொண்டே போகும், கடைசிக் கட்டம் மட்டும் காலியாக இருக்கும். ஒரு மூலை அழிந்துபோன கோலம் மாதிரி. அங்கே எது வர வேண்டும் என்று கீழே இருப்பவற்றில் ஒன்றை விரலால் காட்டினால் போதும்.

வெக்ஸ்லரில் அந்தப் பிள்ளைகளின் சராசரி, நூறு பேர் வரிசையில் கீழிருந்து 26-ஆவது இடம். ரேவன்ஸில் 56. வெக்ஸ்லரை நம்பினால் மூன்றில் ஒரு பிள்ளைக்கு அறிவுத்திறன் குறைபாடு. ரேவன்ஸில் அது வெறும் 5 விழுக்காடு. ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளிடம் இப்படிப்பட்ட இடைவெளி இல்லை. பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான், கேட்ட விதம்தான் வேறு.

டாசனுக்கும் ஆட்டிசம் உண்டு. தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தவர். மோத்ரோன் அவரைச் சக ஆய்வாளராகச் சேர்த்துக்கொண்டார். அவருடைய அறிவு தன் ஆய்வுக்கு எவ்வளவு உதவியது என்று 2011-ல் நேச்சர் அறிவியல் இதழில் எழுதவும் செய்தார்.

பெரியவர்கள் விஷயத்திலும் இதுதான் கதை. நோவா சாசன் குழு 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் வீடியோவைப் பார்த்தவர்கள், குரலை மட்டும் கேட்டவர்கள், எல்லோருமே சில நொடிகளிலேயே அவர்களோடு பழகத் தயங்கினார்கள். அதே பேச்சை எழுத்தில் படித்தவர்களுக்கு அந்தத் தயக்கம் வரவில்லை. நேர்முகத் தேர்வில் எத்தனை பேரை இப்படித் திருப்பி அனுப்பியிருப்போம்! எனக்கு மனசு ஆறவில்லை.

இனி, "முதலில் பழகட்டும்" என்பது. 1943-ல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசம் பற்றி எழுதிய கட்டுரையில் 11 பிள்ளைகள். முதல் பிள்ளை அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து டொனால்ட் டிரிப்லெட். மூன்று வயதில் அவரை ஓர் இல்லத்தில் விட்டார்கள்; ஏறக்குறைய ஒரு வருடத்தில் பெற்றோர் திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள். பழகத் தெரியும்வரை அவர் படிப்பை யாரும் நிறுத்தி வைக்கவில்லை. கல்லூரியில் பட்டம் வாங்கினார், சொந்த ஊர் வங்கியில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், தனியாகவே உலகம் சுற்றினார். 2023-ல் 89 வயதில் இறந்தார். அது அவர் குடும்பத்து வங்கி என்பதை மறைக்கக் கூடாது. வேலைக்காக யார் முன்னாலும் போய்ப் பேசிக் காட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அதே 11 பேரில் அரசு மனநல விடுதிகளில் விடப்பட்டவர்கள் இருந்த திறமையும் போய் ஒடுங்கிப்போனதைக் கானரே 1971-ல் எழுதினார்.

அதற்காக உங்கள் மருமகனை உடனே மேதை ஆக்கிவிடாதீர்கள். ஆட்டிசத்தோடு அறிவுத்திறன் குறைபாடும் உண்மையாகவே உள்ள பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. படிப்பும் மரியாதையும் அவர்களுக்கும் ஒரு துளி குறையக் கூடாது. ரேவன்ஸிலும் அவனுக்குக் குறைவாகவே வரலாம். வந்தாலும் அவன் பாடம் படிக்கத்தான் வேண்டும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு பழக்கமுள்ள மருத்துவ உளவியலாளரிடம், பேச்சு வேண்டாத சோதனை ஒன்றும் சேர்த்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். இப்போது கொடுத்த சான்றிதழ் பத்திரமாக இருக்கட்டும், சலுகைகளுக்கு வேண்டியிருக்கும். பள்ளியில், ஆசிரியர் வாயால் கேட்பதை அவனுக்கு எழுதிக் காட்டட்டும் என்று அக்கா கேட்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்துத்தான் பேசுகிறது. பிள்ளைக்குத் தேவையான வசதியைச் செய்து தருவது அங்கீகாரம் பெற்ற பள்ளிக்குக் கடமை. வாயால் சொல்லிவிட்டு வராமல் கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சோதனை முடிந்ததும் எழுதுங்கள். அக்காவும் எழுதலாம்.