வாசகர் கேள்விகள்: ஊரைப் பூட்டிக்கொண்டவர்கள்

கேள்வி: பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தை மன்னர் தொடங்கி வைக்கும் நாளில், அவர் அனுப்பும் ஆளின் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துகிறார்களே, அது அவமரியாதை இல்லையா?

பதில்: அது நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையான காமன்ஸ் சபையின் உரிமை. 1642 ஜனவரி 4 அன்று முதலாம் சார்லஸ் மன்னர், ஆயுதம் தாங்கிய ஆட்களோடு வந்து காமன்ஸ் சபைக்குள் நுழைந்தார். தன்னை எதிர்த்த ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்வது திட்டம். சேதி முன்பே எட்டியதால் ஐவரும் நழுவிவிட்டார்கள். ‘எங்கே அவர்கள்?’ என்று மன்னர் கேட்டார். சபை ஆணையிடாமல் தனக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாக்கும் இல்லை என்றார் சபாநாயகர் வில்லியம் லென்தால். அதையும் மண்டியிட்டபடியே சொன்னார். பணிவும் குறையவில்லை, விட்டும் கொடுக்கவில்லை! அதனால்தான் இன்றும் ‘பிளாக் ராட்’ என்ற அதிகாரி, சாத்திய கதவைக் கோலால் மூன்று முறை தட்டிவிட்டு உள்ளே போகிறார்.

கேள்வி: பிளேக் பரவாமலிருக்க ஒரு கிராமமே தன்னைப் பூட்டிக்கொண்டதாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். இங்கிலாந்தின் டெர்பிஷையர் மாவட்டத்தில் இருக்கும் ஈம் என்ற ஊர். 1665இல் லண்டனிலிருந்து அங்கே ஒரு தையல்காரர் வீட்டுக்குத் துணி வந்தது. அதோடு நோயும் வந்தது என்பார்கள். அந்த வீட்டில் வேலை பார்த்தவர்தான் முதல் பலி. குளிர்காலத்தில் கொஞ்சம் அடங்கிய நோய், அடுத்த கோடையில் வெறிபிடித்தாற்போல் திரும்பியது.

1666 ஜூனில் பாதிரியார் வில்லியம் மாம்பெசன், யாரும் ஊரை விட்டுப் போகக்கூடாது என்று மக்களிடம் பேசினார். அவர் அந்த ஊருக்குப் புதியவர். முன்பு அங்கே பாதிரியாராக இருந்து பதவி பறிக்கப்பட்ட தாமஸ் ஸ்டான்லியின் பேச்சுக்குத்தான் அங்கே மதிப்பு அதிகம். சமய விஷயத்தில் எதிரெதிர்ப் பக்கம் நின்ற இருவரும் இதில் கைகோத்தார்கள். அது இல்லாவிட்டால் ஊர் இணங்கியிருக்காது என்பது என் எண்ணம்.

அப்புறம் எல்லாமே மாறியது. ஆராதனை திறந்தவெளிக்குப் போனது. இறந்தவர்களை அவரவர் குடும்பமே தோட்டத்திலும் வயலிலும் புதைத்தது. எல்லைக் கல்லில் இருந்த குழிகளில் வினிகர் ஊற்றி அதில் காசு போடுவார்கள். வெளியூர்க்காரர்கள் சாமான்களை வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொள்வார்கள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண், ஆகஸ்டில் எட்டு நாட்களுக்குள் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தானே புதைத்தார். மாம்பெசனின் மனைவி கேத்தரினும் அதே மாதம் இறந்தார். மொத்தம் சுமார் 260 பேர் என்பது வழிவழியாகச் சொல்லும் கணக்கு.

ஊரைப் பூட்டியது சரியா, வீட்டுக்கு வீடு பிரிந்து போயிருந்தால் இன்னும் பலர் பிழைத்திருப்பார்களா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் பிரிட்டிஷ் வரலாறு என்றால் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரைப் பற்றியே கேட்பவர்களுக்கு, நான் முதலில் சொல்வது எலிசபெத் ஹான்காக்கைத்தான்.

கேள்வி: லண்டன் டவர் என்ற பழைய கோட்டையில் அண்டங்காக்கைகள் இல்லாமல் போனால் ராஜ்யம் விழுந்துவிடும் என்பது பழங்கால நம்பிக்கையா?

பதில்: அவ்வளவு பழசு இல்லை. இரண்டாம் சார்லஸ் காலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் அங்கே காக்கைகளை வளர்த்ததற்கு 19ஆம் நூற்றாண்டுக்கு முன் நம்பகமான ஆதாரம் கிடைக்கவில்லை. இப்போது குறைந்தது ஆறு காக்கைகளை வைத்துப் பராமரிக்கிறார்கள். அதற்கென்றே தனிக் காவலரும் உண்டு.