மருத்துவர் பதில்: ரோட்டுச் சத்தத்தால் பிரஷர் ஏறுமா?

கேள்வி: எனக்கு 49 வயது. மதுரை காளவாசல் பக்கம், பைபாஸ் ரோட்டை ஒட்டி முதல் மாடியில் குடியிருக்கிறோம். படுக்கையறை ஜன்னல் ரோட்டைப் பார்த்தது. ராத்திரி முழுக்க வெளியூர் பஸ், லாரி. விடியற்காலை நாலு மணிக்கு ஏர் ஹாரன் அடித்தால் தூக்கிவாரிப் போடுகிறது. ஆறு மாதமாக பிரஷர் 150/94 வரை போகிறது, மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். என் கணவரோ, “பத்து வருஷமா இருக்கோம், பழகிப்போச்சு” என்று நன்றாகத் தூங்குகிறார். நான் காதில் பஞ்சு வைத்துப் படுக்கிறேன். காது கெட்டுவிடுமா? ஜன்னலை மாற்றச் சொல்கிறார்கள், அதற்குச் செலவு செய்யலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: காதைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள் அம்மா. தினமும் எட்டு மணி நேரம், 85 டெசிபலுக்கு மேல், வருஷக்கணக்கில் கேட்டால்தான் காது நரம்பு பாதிக்கப்படும். பட்டறையிலும் விசைத்தறிக் கூடத்திலும் வேலை பார்ப்பவர்களுக்கு வருவது அது. வீட்டுக்குள் வரும் ரோட்டுச் சத்தம் பொதுவாக அந்த அளவைத் தொடாது. அது கெடுப்பது தூக்கத்தையும் இதயத்தையும்தான்.

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. மனசு பழகிக்கொள்ளும், உடம்பு அந்த அளவுக்குப் பழகுவதில்லை. தூங்குகிறவர் பக்கத்தில் ஹாரன் அடித்தால், அவர் கண் விழிக்காவிட்டாலும் நாடித்துடிப்பு சட்டென்று கூடும், ரத்தக்குழாய் சுருங்கும், அட்ரினலின் சுரக்கும். காலையில் கேட்டால் “நல்லாத் தூங்கினேன்” என்றுதான் சொல்வார். ராத்திரியில் தணிந்து ஓய்வெடுக்க வேண்டிய ரத்த அழுத்தம் இப்படித் தட்டித் தட்டி எழுப்பப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் போக்குவரத்துச் சத்தத்தில் வாழ்பவர்களுக்கு ரத்தக் கொதிப்பும் மாரடைப்பும் கூடுதலாக வருவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் கணவருக்கும் பிரஷர் பாருங்கள். ‘பழகிப்போச்சு’ என்கிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அவர்கள் பரிசோதனைக்கே வருவதில்லை.

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலைத் தாண்டக் கூடாது. நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறைக்குள் 30 டெசிபல்தான் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பழைய பரிந்துரை. பைபாஸ் ஓரத்து வீட்டில் இதைப் பிடிப்பது கஷ்டம். ஆனால் 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தம் போலத்தான் கேட்கும்.

பழியை முழுக்க ரோட்டின் மேல் போட்டுவிடவும் முடியாது. இந்த வயதில் மாதவிடாய் நிற்கும் சமயம் உடம்பு கொதித்து, வியர்த்து விழிப்பு வரும். அப்படி விழித்த பிறகு ஹாரன் காதில் விழுந்திருக்கலாம். நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். ஆம் என்றால் தூக்கப் பரிசோதனை தேவை. அந்த மூச்சுத் திணறலே தனியாக பிரஷரை ஏற்றும்.

இனி ஜன்னலுக்கு வருவோம். காற்று நுழையும் சந்தெல்லாம் சத்தம் நுழையும் வழி. ஃபேனை நிறுத்திவிட்டு, மூடிய ஜன்னல் ஓரமாக ஒரு ஊதுபத்தியை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். புகை எங்கே ஆடுகிறதோ அங்கே ஓட்டை. சட்டத்துக்கும் கதவுக்கும் இடையில் ரப்பர் பீடிங் ஒட்டுங்கள். ஏசி குழாய் போகும் துளையை சிலிக்கான் வைத்து அடையுங்கள். அறைக் கதவின் அடியில் ரப்பர் பட்டை போடுங்கள். கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய பழைய வென்டிலேட்டர் இருந்தால் அதுதான் பெரிய ஓட்டை. சில நூறு ரூபாயில் முடியும் இந்த வேலையைச் செய்யாமல் யாரும் பெரிய செலவுக்குப் போக வேண்டாம்.

அதற்குப் பிறகும் போதவில்லை என்றால், படுக்கையறை ஒன்றுக்கு மட்டும் ஜன்னலை மாற்றுங்கள். இழுத்துத் தள்ளும் ஸ்லைடிங் ஜன்னல் வேண்டாம், அதில் சந்து இருந்துகொண்டே இருக்கும். கதவு போலத் திறந்து, அழுத்தி மூடும் வகையைக் கேளுங்கள். கண்ணாடி லேமினேட்டட் (இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது) ஆக இருக்கட்டும். கனமான திரைச்சீலை, சுவரில் ஒட்டும் முட்டை அட்டை, ஸ்பாஞ்ச் எல்லாம் அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. பால்கனிச் செடிகளும் அப்படித்தான். கண்ணுக்குக் குளிர்ச்சி, வையுங்கள்.

ஆனால் நம் மதுரையில், அக்னி நட்சத்திரத்தில் ஜன்னலை அடைத்துக்கொண்டு ஏசி இல்லாமல் யார் படுக்க முடியும்? வெக்கையும் தூக்கத்தைக் கெடுக்கும். அதனால் நான் முதலில் சொல்வது அறையை மாற்றுவதைத்தான். பின்பக்க அறையில் படுங்கள், ரோட்டுப் பக்கத்து அறையை ஹால் ஆக்குங்கள். நம் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, முற்றம் தாண்டித்தான் உள்ளறைகள் இருந்தன. தெருச் சத்தம் அத்தனை சுவர் தாண்டி வர வேண்டியிருந்தது. உங்கள் மாடி வீட்டிலும் இரண்டு சுவராவது குறுக்கே நிற்கட்டும். ரோட்டுப் பக்க ஜன்னலை மூடி, பின்பக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்றும் வரும். ஃபேனின் சீரான ஓசை நல்லது. திடீர்ச் சத்தத்தின் கூர்மையை அது மழுக்கும்.

பஞ்சு அதிகம் தடுக்காது, உள்ளே துணுக்கும் தங்கிவிடும். மருந்துக் கடையில் ஃபோம் இயர்பிளக் கேளுங்கள். கையைக் கழுவிவிட்டு, மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்து உள்ளே வைத்து, அரை நிமிஷம் விரலால் பிடித்திருங்கள்; அது விரிந்து அடைத்துக்கொள்ளும். அழுக்கானதும் தூக்கிப் போடுங்கள். காதில் சீழ் வடிந்தாலோ, ஜவ்வில் ஓட்டை இருந்தாலோ வைக்கக் கூடாது. எண்ணெய் காய்ச்சி ஊற்றவும் வேண்டாம்.

அறை மாற்றி ஒரு மாதம் கழித்து, ஏழு நாள் தொடர்ந்து வீட்டு மெஷினில் பிரஷர் பாருங்கள். காலையில் காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால், ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்த பிறகு இரண்டு தடவை. இரவிலும் அதே போல. தாளில் எழுதி உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை அளவைக் குறைக்கலாமா என்பதை அவர் முடிவு செய்வார். நன்றாகத் தூங்க ஆரம்பித்துவிட்டோம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.