மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட குற்றத் திரில்லர் படங்களில் நீங்கள் எதைப் பரிந்துரைப்பீர்கள், ஏன்?

கிறிஸ்டோபர் நோலனின் முதல் முழுநீளப் படமான ‘ஃபாலோயிங்’ (1998) என்பதே என் பதில். லண்டனில் வேலையற்ற இளைஞன் ஒருவன், எழுதுவதற்கு விஷயம் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களைத் தெருவில் பின்தொடர்கிறான். அவர்களில் ஒருவனான காப், வீடு புகுந்து திருடுபவன். பின்தொடர்பவனைக் கண்டுகொண்டு தன் தொழிலிலேயே சேர்த்துக்கொள்கிறான். இதற்கு மேல் கதையைச் சொன்னால் பார்க்கப் போகிறவர்களுக்குச் சுவை கெட்டுவிடும்.

படத்தின் செலவு சுமார் 6,000 டாலர். அதில் பெரும்பங்கு 16 மி.மீ. கறுப்பு வெள்ளைப் படச்சுருளுக்கும் அதைக் கழுவுவதற்குமே போனது. நடித்தவர்கள் வார நாட்களில் வேலைக்குச் செல்லும் நண்பர்கள் என்பதால், சனிக்கிழமைகளில் மட்டும் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் படப்பிடிப்பு நடந்தது. படச்சுருள் வீணாகிவிடக் கூடாது என்று முன்கூட்டியே நன்றாக ஒத்திகை பார்த்து, ஒன்றிரண்டு டேக்கிலேயே காட்சிகளை முடித்தார்கள். கேமராவையும் நோலனே இயக்கினார். பெரும்பாலும் கிடைத்த வெளிச்சமே விளக்கு.

என்னை வியக்கவைப்பது இந்தச் சிக்கனத்தைவிட, அதற்கேற்ற குற்றத்தைத் தேர்ந்தெடுத்த சாமர்த்தியம்தான். கார் துரத்தலோ வங்கிக் கொள்ளையோ காட்டப் பணம் வேண்டும். பிறர் வீட்டுக்குள் நுழைவதைக் காட்ட ஒரு சாதாரண வீடு போதும். அதிலும் காப் தேடுவது நகையை மட்டும் அன்று. ஒவ்வொருவரும் ஒரு பெட்டியில் சேர்த்துவைக்கும் கடிதம், புகைப்படம் போன்ற அந்தரங்கப் பொருட்களைக் கிளறிப் பார்ப்பதில்தான் அவனுக்கு ருசி. பழைய பெட்டி ஒன்றைத் திறக்கும் காட்சியில் இவ்வளவு பதற்றத்தைக் கொண்டுவர முடிந்திருக்கிறது என்றால், அது எழுத்தின் பலம். காட்சிகள் காலவரிசையில் வருவதில்லை. ஆனாலும் நாயகனின் நீண்ட தலைமுடி, பிறகு ஒட்ட வெட்டிய முடியும் கோட்டும், அதன்பின் அடிபட்டு வீங்கிய முகம் ஆகியவற்றைக் கொண்டே எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று பிடித்துக்கொள்ளலாம். செலவில்லாத அடையாளம்!

குறைகளும் உண்டு. கதையில் வரும் பெண், சதிக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே எழுதப்பட்டிருக்கிறாள். அந்தச் சதியும், எல்லோரும் எதிர்பார்த்தபடியே நடந்துகொண்டால் மட்டும் பலிக்கக்கூடியது. படம் 70 நிமிடங்களுக்குள் முடிந்துவிடுவதால், பார்க்கும்போது இந்த ஓட்டை உறுத்துவதில்லை. இரண்டாம் முறை பார்த்தபோதுதான் எனக்கே தட்டுப்பட்டது.