மச்சானின் டர்ஃபும் கோச்சின் டாப்-அப் கடனும்

கேள்வி: என் வயது 43. கல்லூரி நாளில் மாநில அணிக்கு ஆடியவன். பட்டியாலாவில் என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) கோச்சிங் டிப்ளமா முடித்து, கோவையில் ஒரு தனியார் பள்ளியில் கூடைப்பந்து கோச்சாக இருக்கிறேன். ஜூன் முதல் மார்ச் வரை ஒப்பந்தம். மாதம் 32,000 ரூபாய். வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கும் 10 சதவீதம் டிடிஎஸ் போக 28,800 கைக்கு வரும். வருமானம் குறைவு என்பதால் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்வதில்லை. மாலை பேட்சில் 25 பிள்ளைகள், தலைக்கு 1,000. தேர்வுக் காலத்தில் பாதிப் பேர்தான் வருவார்கள். கோடை கேம்பில் செலவு போக 1.1 லட்சம் நிற்கும். வீட்டுச் செலவு மாதம் 38,000. என் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஜூனில் 90,000.

மூன்று வருடத்துக்கு முன் மனைவியின் தம்பி டர்ஃப் (வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானம்) போட, என் பெயரில் 3 லட்சம் பெர்சனல் லோன் எடுத்துக் கொடுத்தேன். நாலு மாதம் தவணை கொடுத்தான், அப்புறம் நிறுத்திவிட்டான். ஜூன் மாத நெருக்கடியில் இரண்டு முறை டாப்-அப் (அதே கடனில் மேலும் பணம் வாங்குவது) செய்ததில் கடன் 5 லட்சமாகி, பிறகு 7 லட்சமாகிவிட்டது. அதிலும் கொஞ்சம் அவனுக்குப் போனது. வட்டி 14.5 சதவீதம், மாதத் தவணை (இஎம்ஐ) 16,470. பத்து மாதம் கட்டியிருக்கிறேன். இப்போது இன்னொரு டர்ஃபுக்கு 6 லட்சம் கேட்கிறான், என்னையும் பார்ட்னராகச் சேர்ப்பானாம். ஸ்மால்கேப் ஃபண்டில் (சிறு நிறுவனப் பங்குகளில் முதலிடும் மியூச்சுவல் ஃபண்ட்) மாதாமாதம் 5,000 எஸ்ஐபி போடவும் ஆசை. எதை முதலில் செய்வது?

– வாசகர், கோவை

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். ஸ்மால்கேப் பற்றி ஒரு வரி போதும்: 14.5 சதவீத வட்டிக்குக் கடன் வைத்துக்கொண்டு எஸ்ஐபி போட்டால், அந்த ஃபண்ட் வருடாவருடம் 14.5-க்கு மேல் தந்தால்தான் உங்களுக்கு ஒரு ரூபாய் மிச்சம். அப்படி எழுதிக் கொடுக்க யாரும் இல்லை. செயலியில் பச்சை அம்புக்குறி காட்டுவது போன வருடக் கதை.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பள்ளியிலிருந்து டிடிஎஸ் பிடிக்கும் முன் 3.2 லட்சம், பேட்சில் எட்டு மாதம் முழுசாகவும் இரண்டு மாதம் பாதியாகவும் 2.25 லட்சம், கேம்ப் 1.1 லட்சம். ஆக 6.55 லட்சம். வீட்டுச் செலவும் பிள்ளைகள் கட்டணமும் சேர்த்து 5.46 லட்சம். அதாவது கடன் இல்லாவிட்டால் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் மிஞ்சுகிற குடும்பம் உங்களுடையது. 'கோச் வேலையில் என்ன சார் வருமானம்' என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வங்கிக்கும் ரயில்வேக்கும் போன சக ஆட்டக்காரர்களைப் பார்த்து வரும் ஏக்கம் அது, புரிகிறது. ஆனால் பிரச்சினை வருமானத்தில் இல்லை.

இஎம்ஐ வருடத்துக்கு 1.98 லட்சம். மிஞ்சுவதோ 1.09 லட்சம். 89,000 குறைகிறது; டிடிஎஸ்ஸாகப் போகும் 32,000-ம் கைக்கு வராததால் மொத்தம் 1.21 லட்சம் துண்டு விழுகிறது. ஜூனில் கட்டணம் கட்டப் பணம் இல்லாமல் போவது இதனால்தான். அந்த ஓட்டையை அடைக்க டாப்-அப் எடுக்கிறீர்கள், இஎம்ஐ ஏறுகிறது, அடுத்த ஜூனில் ஓட்டை பெரிதாகிறது. அடகு வைத்த நகைக்கு வட்டி கட்ட இன்னொரு நகையை அடகு வைப்பது போலத்தான்.

மூன்று கட்டத்திலும் சேர்த்துக் கைக்கு வந்த பணம் சுமார் 8.2 லட்சம், செயல்முறைக் கட்டணம் தனி. இதுவரை தவணையாகப் போனது சுமார் 3.9 லட்சம். இன்னும் பாக்கி 6.15 லட்சம். கட்டியதில் கிட்டத்தட்ட பாதி வட்டிக்கே போய்விட்டது. ஒவ்வொரு டாப்-அப்பிலும் ஐந்து வருடக் கெடு முதலிலிருந்து ஓட ஆரம்பிப்பதால், வட்டி அதிகமாக விழும் ஆரம்ப மாதங்களிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். 'உங்களுக்கு ப்ரீ-அப்ரூவ்டு டாப்-அப் தயார்' என்று குறுஞ்செய்தி வருவது உங்கள் மேல் உள்ள மரியாதையால் அல்ல.

ஆகவே இந்த ஜூனில் டாப்-அப் கிடையாது. எப்படிச் சமாளிப்பது? இப்போது ஏப்ரல். இரண்டாவது வாரத்தில் பெற்றோர்கள் கேம்ப் கட்டணம் போடப் போட, உங்கள் ஜிபே டிங் டிங் என்று அடித்துக்கொண்டிருக்கும். அந்த நாட்கள்தான் உங்களுக்கு ஆபத்தான காலம்; பைக் மாற்றுவதும் ஊட்டி போவதும் அப்போதுதான் தோன்றும். மைதான வாடகை, பந்து, உதவிக் கோச் சம்பளம் போக நிற்பதில் முதல் 90,000-ஐ ஏடிஎம் கார்டு இல்லாத வேறொரு கணக்குக்கு மாற்றுங்கள். அது ஜூன் கட்டணம், தொடக்கூடாது. ஏப்ரல், மே வீட்டுச் செலவுக்கும் தவணைக்கும் கை கடிக்கும்தான். மனைவியிடம் இந்தக் கணக்கைக் காட்டிவிட்டுச் சிக்கனமாக ஓட்டுங்கள்.

அந்த 1.21 லட்சம் துண்டில் 32,000 ஏற்கெனவே உங்களுடையது. பள்ளி பிடிக்கும் டிடிஎஸ்தான் அது. உங்கள் வருமானத்துக்கு வரி வராது. ஆனால் கணக்கு தாக்கல் செய்யாதவருக்கு ரீஃபண்டும் வராது. இப்போது முடிந்த நிதியாண்டுக்கு ஜூலைக்குள் தாக்கல் செய்யுங்கள். பழைய வருடங்களுக்குத் தாமதத்தைப் பொறுத்தருளக் கேட்டு மனுப் போட வழி இருக்கிறது, ஆடிட்டரைக் கேளுங்கள்.

பாக்கி 89,000. மாதத்துக்குச் சுமார் 7,400. இது மச்சான் தர வேண்டியது. பத்திரம், சண்டை எதுவும் வேண்டாம். அவர் வங்கிக் கணக்கிலிருந்து மாதம் 5-ஆம் தேதி உங்கள் கணக்குக்கு 7,500 தானாகப் போகும்படி ஒரு உத்தரவு போடச் சொல்லுங்கள். டர்ஃப் ஓடுகிறது என்றால் அவருக்கு இது பெரிய தொகை அல்ல. ஓடவில்லை என்றால் இரண்டாவது டர்ஃப் எதற்கு? தர மறுத்தால் ஞாயிறு காலை ஒரு சின்ன பேட்ச் தொடங்குங்கள். எட்டுப் பிள்ளைகள் போதும்.

பார்ட்னர் விஷயம்: பங்குதாரர் நிறுவனத்தில் தொழில் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பு. கடனும் உங்கள் பெயரில், பொறுப்பும் உங்கள் தலையில், சாவி மட்டும் அவர் கையில். இதற்கு 'குடும்பத் தொழில்' என்று பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். மறுப்பதை நீங்கள் சொல்லாமல், 'ஆடிட்டர் வேண்டாம்னுட்டார்' என்று சொல்லிக்கொள்ளலாம். என் பெயரையும் இழுங்கள், பரவாயில்லை.

எஸ்ஐபிக்கு நினைத்த பணத்தில் கொஞ்சம் வேறு இடத்தில் போகட்டும். மைதானத்தில் முழங்கால் லிகமென்ட் போனால் ஆறேழு மாதம் பேட்ச் நடக்காது, ஒப்பந்தக்காரருக்குச் சம்பள விடுப்பும் இல்லை. தற்காலிக முடக்கத்துக்கு வாரந்தோறும் பணம் தரும் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று எடுங்கள். விளையாட்டுப் பயிற்சியின்போது ஏற்படும் காயத்துக்கு விலக்கு இருக்கிறதா என்று பாலிசியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பள்ளி அலுவலகத்தில் டிடிஎஸ் சான்றிதழையும் இந்த வாரமே கேட்டு வையுங்கள், மே விடுமுறையில் அங்கே ஆள் இருக்க மாட்டார்கள்.