வேலித் தகராறையும் நாய்த் தொல்லையையும் ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள்

கேள்வி: நாங்கள் இந்த வீட்டை வாங்கி மூன்று வருடம் ஆகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பழைய முள்வேலியைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகக் கம்பி வேலி போட ஆரம்பித்திருக்கிறார். நட்டிருக்கும் கம்பங்களைப் பார்த்தால் எங்கள் பக்கம் இரண்டு அடி உள்ளே வந்த மாதிரி இருக்கிறது. கேட்டால், "எங்க அப்பா காலத்திலிருந்தே இதுதான் எல்லை" என்கிறார். அவருடைய இரண்டு நாய்களும் இடைவெளி வழியாக எங்கள் முற்றத்துக்கு வந்துவிடுகின்றன. போன மாதம் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த என் மகளைத் துரத்தியதில் அவள் கீழே விழுந்துவிட்டாள். அதைச் சொல்லப் போனால், "முதலில் வேலி விஷயத்தை முடியுங்கள், நாயைப் பற்றி அப்புறம் பேசலாம்" என்கிறார். இப்போது பேச்சே இல்லை. போலீஸுக்குப் போவதா, கோர்ட்டுக்குப் போவதா?

பதில்: அவர் கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தையை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். எல்லை என்பது பழைய கேள்வி. அளந்து பார்த்து, தாள்களைப் புரட்டி, சில வாரங்கள் எடுத்துக்கொண்டு தீர்க்கலாம். நாய் இன்றைக்கு உள்ள ஆபத்து. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் உங்கள் மகளின் பாதுகாப்பு பேரத்துக்குரிய பொருளாகிவிடும். இதே தவறு உங்கள் பக்கமிருந்தும் வரக்கூடாது. "நாயைக் கட்டிப் போடுங்கள், இரண்டு அடியை விட்டுத் தருகிறோம்" என்று அலுத்துப்போய்ச் சொல்லிவிடும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். நிலம் போகும், நாய் அடுத்த மாதமே மறுபடி வரும். எனவே தனித்தனிக் கடிதம், தனித்தனிப் பேச்சு, தனித்தனி அலுவலகம். இதில் பிடிவாதமாக இருங்கள்.

முதலில் நாய். அவை எந்த இடைவெளி வழியாக, எந்த நேரத்தில் வருகின்றன என்று ஒரு வாரம் கவனியுங்கள். பகல் முழுக்கச் சங்கிலியில் கிடந்துவிட்டு மாலையில் அவிழ்த்துவிடப்படும் நாய் வெறிகொண்டு ஓடும். கருத்தடை செய்யாத ஆண் நாய் பெட்டையின் வாசனைக்கு எவ்வளவு தூரமும் போகும். உங்கள் குப்பைத் தொட்டி திறந்திருந்தால் அதுவே அழைப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஓயாமல் குரைப்பதற்குப் பெரும்பாலும் காரணம், கம்பி வழியாக உங்கள் நடமாட்டம் தெரிவதும் அருகே வர முடியாததும்தான். கீழ்ப் பாதியைக் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்தாலே பல நாய்கள் அடங்கிவிடும்.

மண்ணைத் தோண்டி நுழைகிறதென்றால் கம்பி வலையை எல் வடிவில் மடித்துப் புதைப்பது வழக்கம். மடிப்பு நாய் தோண்டும் பக்கம் இருக்க வேண்டும். தோண்டும்போது காலுக்கடியில் வலை தட்டுப்படுவதால்தான் அது விட்டுவிடுகிறது. உங்கள் விஷயத்தில் அந்தப் பக்கம் அவருடைய நிலம். அவர் சம்மதமில்லாமல் கைவைக்க முடியாது. அதனால் உங்கள் பக்கமே ஓர் அடி ஆழத்துக்கு வலையை நேராக இறக்கி, மேலே கனமான கற்களைப் பதியுங்கள். எல்லை எதுவென்று தீர்மானமாகும் வரை எதையும் சிமென்ட் போட்டு நிரந்தரமாகக் கட்டாதீர்கள்.

மகளுக்கு இன்றே சொல்லிக்கொடுங்கள்: நாய் துரத்தினால் ஓடக்கூடாது, கத்தக்கூடாது, கண்ணோடு கண் முறைக்கக்கூடாது. கைகளை உடம்போடு ஒட்டிவைத்து அசையாமல் நிற்க வேண்டும். சைக்கிளில் இருந்தால் இறங்கி, தனக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிளை வைத்துக்கொள்ள வேண்டும். ஓடுவதைத்தான் நாய் துரத்தும்.

ஒருவேளை கடித்துவிட்டால், யார் நாய், யார் பொறுப்பு என்ற பேச்சையெல்லாம் தள்ளிவையுங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப் பொடி, எண்ணெய் எதுவும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்று அவர் வாயால் சொல்வதை நம்பிக் காத்திருக்காதீர்கள். ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்த பிறகு உயிர் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. நாயைப் பத்து நாள் கவனிப்பது வழக்கம்தான். ஆனால் ரேபிஸ் உள்ள நாடுகளில் ஊசியை ஆரம்பித்துவிட்டுத்தான் கவனிக்க வேண்டும். பத்து நாளும் நாய் நலமாக இருந்தால் மீதி ஊசிகள் தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற நோயெதிர்ப்புப் புரத ஊசியும் தேவை. அதையும் கேட்டு வாங்குங்கள்.

என்ன கோபம் இருந்தாலும் கல்லால் அடிப்பது, விஷம் வைப்பது, பிடித்துக்கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிடுவது எதுவும் வேண்டாம். பெரும்பாலான நாடுகளில் அது குற்றம். அந்த நாய்களுக்கு உங்கள் வேலியைப் பற்றி எதுவும் தெரியாது. அவற்றை அடைத்துவைக்க வேண்டியவர் உரிமையாளர்.

சரி, வாய்ப்பேச்சு நின்றுவிட்டது. இனி எழுத்துத்தான், அதுவும் கடுமையில்லாத எழுத்து. நாயைப் பற்றிய கடிதம் இந்த மாதிரி இருந்தால் போதும்:

"ஐயா, வணக்கம். போன மாதம் இந்தத் தேதி மாலை ஐந்து மணிக்கு உங்கள் பழுப்பு நிற நாயும் கறுப்பு நாயும் எங்கள் முற்றத்துக்குள் வந்து என் மகளைத் துரத்தின. அவள் கீழே விழுந்து முழங்கையில் காயம்பட்டது. அதற்குப் பிறகும் மூன்று முறை வந்திருக்கின்றன. தேதிகளைக் கீழே எழுதியிருக்கிறேன். நாய்கள் உங்கள் வளாகத்தைத் தாண்டாதபடி இந்த மாதக் கடைசிக்குள் ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். இடைவெளியை அடைக்கும் வேலையில் எங்களால் ஆன உதவியைச் செய்கிறோம். வேலி எல்லை பற்றித் தனியாக எழுதுகிறேன்."

குற்றச்சாட்டு இல்லை, பழைய கதை இல்லை. ஒரு படியை வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி கிடைக்கும் தபாலில் அனுப்புங்கள்.

இந்தக் கடிதத்துக்கு இன்னொரு பலம் உண்டு. பிரான்ஸில் நாய் உரிமையாளரின் கட்டுப்பாட்டில் இருந்தாலும், தப்பித்துப் போயிருந்தாலும் அது செய்யும் சேதத்துக்கு அவரே பொறுப்பு என்று சிவில் சட்டம் நேரடியாகச் சொல்கிறது. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் வழிவந்த இடங்களில் முதலில் எழும் கேள்வி வேறு: அந்த நாயால் ஆபத்து வரும் என்று உரிமையாளருக்கு முன்பே தெரியுமா? இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவும், தெரிந்தோ அலட்சியத்தாலோ தன் விலங்கை அடக்கிவைக்கத் தவறியவரைத்தான் குறிவைக்கிறது. உங்கள் கடிதம் அவர் கையில் சேர்ந்த நாளிலிருந்து "எனக்குத் தெரியாதே" என்று அவரால் சொல்ல முடியாது. நிறைய உரிமையாளர்கள் இதைப் புரிந்துகொண்டதும் மறுநாளே கேட்டைச் சாத்திவிடுகிறார்கள்.

கடிதத்துக்கும் அசையவில்லை என்றால் உள்ளாட்சி அலுவலகத்தில் கால்நடை அல்லது சுகாதாரப் பிரிவில் புகார் கொடுங்கள். மிரட்டல், கைகலப்பு, காயம் என்று வந்தால் போலீஸ். எல்லை எங்கே என்று போலீஸால் தீர்மானிக்க முடியாது. அது சிவில் விஷயம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் அவர்கள்மேல் வருத்தப்படாதீர்கள். அவர்கள் சொல்வது சரிதான்.

இனி வேலி. இதை நீங்கள் படித்ததும் முதலில் செய்ய வேண்டியது, முற்றத்துக்குப் போய்ப் பழைய முள்வேலியின் அடிக்கட்டைகள் இன்னும் மண்ணில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. வேலியைப் பிடுங்கிய இடத்தில் குழி, வேர், துருப்பிடித்த கம்பித் துண்டு, மண்ணின் நிற மாற்றம் ஏதாவது மிச்சம் இருக்கும். வீட்டுச் சுவரின் ஒரு மூலையிலிருந்து ஒவ்வொரு அடிக்கட்டைக்கும், அதே மூலையிலிருந்து ஒவ்வொரு புதுக் கம்பத்துக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். அளவு நாடா தெரியும்படி படம் எடுங்கள். "அப்பா காலத்து எல்லை" என்பது உண்மையானால் அது அந்த அடிக்கட்டைகளின் வரிசைதான். புதுக் கம்பங்கள் அதைத் தாண்டியிருந்தால் அவருடைய வாதமே அவருக்கு எதிராகத் திரும்பும். ஒரு நல்ல மழை பெய்தால் இந்தச் சாட்சி அழிந்துவிடும்.

அதே சமயம், பழைய வேலி இருந்த இடமும் சட்டப்படியான எல்லையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆடு மாடு வராமல் இருக்க, மரத்தைச் சுற்றிப் போக என்று வசதிக்குப் போட்ட வேலிகள் ஏராளம். உண்மையான எல்லை பத்திரத்திலும் அளவை வரைபடத்திலும் நிலத்தில் நட்ட அளவைக் கற்களிலும் இருக்கிறது. உங்கள் பத்திரம் மட்டும் போதாது. அவருடைய பத்திரத்தின் நகலையும் எடுங்கள். உங்கள் மேற்கு எல்லையை அவருடைய கிழக்கு எல்லை எப்படி விவரிக்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். பத்திரத்தில் எழுதிய பரப்பளவும் கல் இருக்கும் இடமும் ஒத்துப்போகவில்லையா? பொதுவாகக் கல்லும், நான்கு பக்கமும் என்ன இருக்கிறது என்று சொல்லும் நான்கெல்லை விவரமும்தான் முந்தும். பரப்பளவுக்குக் கடைசி இடம். "பத்திரத்தில் இத்தனை சதுர அடி இருக்கிறது, அதை எங்கிருந்தாவது எடுத்துக்கொடு" என்ற வாதம் அதனால்தான் பெரும்பாலும் நிற்பதில்லை.

நீங்களே நாடாவை வைத்து அளந்து "இரண்டு அடி" என்று முடிவுகட்டியிருந்தால் கொஞ்சம் பொறுங்கள். வரைபடத்தில் உள்ள தூரம் கிடைமட்டத் தூரம். நிலம் சரிவாக இருந்து, நாடாவைத் தரையோடு படுக்கவைத்து அளந்தால் கணக்கு மாறும். 10 டிகிரி சரிவில் நாடா 100 அடி காட்டினால் கிடைமட்டத்தில் அது சுமார் 98.5 அடிதான். ஒன்றரை அடி அங்கேயே போய்விட்டது! பழைய வரைபடமாக இருந்தால் அளவு அடியிலா, லிங்கிலா என்றும் பாருங்கள். லிங்க் என்பது நிலம் அளக்கும் பழைய சங்கிலியின் ஒரு கண்ணி. 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க், அதாவது ஒரு லிங்க் 7.92 அங்குலம். லிங்கை அடியாகப் படித்துக்கொண்டு இரண்டு தலைமுறை சண்டை போட்டவர்கள் உண்டு. கைபேசி வரைபடத்தைக் காட்டி வாதாடுவதில் பயனே இல்லை. திறந்த வெளியில்கூடக் கைபேசியின் இடக்கணிப்பில் சில மீட்டர் பிழை வரும். உங்கள் தகராறே இரண்டு அடிக்குத்தான்.

ஆகவே உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரை, முடிந்தால் இருவருமாகச் சேர்ந்து, அமர்த்துங்கள். செலவில் பாதியைத் தருகிறோம் என்று எழுத்தில் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மறுத்தால் அளக்கும் தேதியை முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிட்டு நீங்கள் அளந்துகொள்ளுங்கள். அன்றைக்கு அவர் வந்து நின்று பார்த்தால் அதுவே பெரிய வெற்றி. தன் கண்ணால் கல்லைப் பார்த்தவர், அறிக்கையை மட்டும் படித்தவரைவிடச் சீக்கிரம் இறங்கிவருவார். கல்லை யாரும் அசைக்கக்கூடாது. சாய்ந்து கிடந்தாலும் நீங்களாக நிமிர்த்தாதீர்கள்.

அளவை நடக்கும்வரை வேலி வேலையை நிறுத்தச் சொல்லி இன்னொரு கடிதம் உடனே போக வேண்டும். வேலி முடிவதற்கு முன் ஆட்சேபித்தவருக்குத் தடை உத்தரவு கிடைப்பது சுலபம். கட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வருபவரிடம், அதுவரை ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று நீதிமன்றம் கேட்கும். அவர் கடிதத்தைப் பொருட்படுத்தாமல் கான்கிரீட் போட ஆரம்பித்தால் அன்றே வக்கீலைப் பாருங்கள். நீங்களாகக் கம்பத்தைப் பிடுங்கிவிட்டால் வழக்கில் தற்காப்புப் பக்கம் போய்விடுவீர்கள்.

"வாங்கி மூன்று வருடம்தானே ஆகிறது, என்ன அவசரம்" என்றும் இருந்துவிடாதீர்கள். பிறர் நிலத்தைப் பல வருடம் வெளிப்படையாகத் தன்னுடையதாக வைத்திருப்பவர் உரிமை கோருவதை எதிரிடை அனுபோகம் என்பார்கள். அந்தக் காலக்கணக்கு உங்களுக்கு முன்பிருந்த உரிமையாளர் காலத்திலேயே தொடங்கியிருக்கலாம். தனியார் நிலத்துக்கு இந்தியாவில் 12 வருடம், இலங்கையில் 10 வருடம். மலேசியாவின் நிலச் சட்டம் இந்த வழியையே ஏற்பதில்லை. சிங்கப்பூரில் 1994இல் ஒழித்துவிட்டார்கள். நீங்கள் இருக்கும் நாட்டில் என்ன விதி என்று தெரிந்துகொண்டு, வீட்டை விற்றவரிடம் பழைய வேலியைப் பற்றிக் கேளுங்கள். அவரிடம் உள்ள பழைய குடும்பப் படம் ஒன்றின் பின்னணியில் அந்த வேலி தெரிந்தால்கூட உதவும்.

அளந்து பார்த்ததில் அவர் வந்திருப்பது அரை அடிதான் என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்காகப் பல வருடம் வழக்கு நடத்துவதை நான் சொல்லமாட்டேன். உங்கள் வண்டிப் பாதையோ கிணறோ கழிவுநீர்க் குழாயோ அதில் போகாதவரை விட்டுவைக்கலாம். ஆனால் சும்மா விடக்கூடாது. "இந்தத் துண்டு எங்களுடையது, எங்கள் அனுமதியோடு நீங்கள் பயன்படுத்துகிறீர்கள்" என்று வக்கீலை வைத்து எழுதி, அவர் கையெழுத்தை வாங்குங்கள். அனுமதியோடு இருப்பவர் எத்தனை வருடம் இருந்தாலும் எதிரிடை அனுபோகம் கோர முடியாது. மாறாக முழு இரண்டு அடியும் போயிருந்தால், உங்கள் வீட்டுச் சுவருக்கும் எல்லைக்கும் விதிப்படி விடவேண்டிய இடைவெளி குறைகிறதா என்று பாருங்கள். அப்படிக் குறைந்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். பின்னால் வீட்டை விரிவாக்க அனுமதி கேட்கும்போது அது இடிக்கும்.

கோர்ட்டுக்கு முன்னால் இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவரோ பயிற்சி பெற்ற சமரசரோ உட்கார்ந்து பேசவைக்க முடியுமா என்று பாருங்கள். கையில் சர்வேயரின் வரைபடத்தோடுதான் உட்கார வேண்டும். அது இல்லாமல் உட்கார்ந்தால் பேச்சு அவருடைய அப்பா காலத்துக்கே திரும்பத் திரும்பப் போகும். சமரசம் ஆனால், ஒப்புக்கொண்ட எல்லையை வரைபடத்தோடு இணைத்து எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, உங்கள் நாட்டு வழக்கப்படி பதிவு செய்துவிடுங்கள். வாய்வார்த்தையாக முடித்தால் நாளை அவர் வீட்டை விற்கும்போது, வாங்குபவரிடம் நீங்கள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும்.