ஈழப் போரில் ஐந்து இயக்கங்கள் இருந்தும் கடைசியில் புலிகள் மட்டும் மிஞ்சியது எப்படி?
மற்றவற்றைக் களத்திலிருந்து அகற்றியது பெரும்பாலும் புலிகளேதான். 1983 கலவரத்துக்குப் பின் இந்தியா பயிற்சியும் ஆயுதமும் கொடுத்ததில் டெலோ, புளொட், ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஈரோஸ், புலிகள் எல்லாமே வேகமாகப் பெருத்தன. 1985இல் புளொட் தவிர்த்த நான்கும் ஈழத் தேசிய விடுதலை முன்னணியில் கைகோத்து நின்றன. அந்த ஒற்றுமை நீடித்தது ஓராண்டுதான்! 1986 ஏப்ரல் இறுதியில் புலிகள் டெலோவைத் தாக்கத் தொடங்கி, மே மாதம் அதன் தலைவர் சிறீ சபாரத்தினத்தைக் கொன்றார்கள். டிசம்பரில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். முறை. புளொட்டோ அதற்கு முன்பே உட்கொலைகளால் சிதைந்திருந்தது. ஆள்பலத்தைவிட ஒற்றைத் தலைமையும் இறுகிய கட்டுப்பாடுமே புலிகளுக்குக் கைகொடுத்தன என்பது என் கணிப்பு. தப்பியவர்களில் பலர் இந்திய அமைதிப்படையோடும், பின்னர் இலங்கை இராணுவத்தோடும் சேர்ந்து இயங்கினார்கள். ஈரோஸில் பாலகுமாரன் அணி மட்டும் 1990இல் புலிகளோடு கலந்தது.